பழைய எஃகு ரோடு சைக்கிளுக்குப் புதிய பாகங்கள் போடுவது தகுமா?

1980-களில் செய்யப்பட்ட எஃகு ரோடு சைக்கிளை வாங்கிப் புதுப்பிப்பது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடை பெரும்பாலும் ஃபிரேமைப் பொறுத்தது. முன்குழாயுடன் (ஹேண்டில்பாரின் தண்டு நுழையும் குழாய்) கீழ்க்குழாய் (அங்கிருந்து பெடல் பக்கம் சாய்வாக இறங்கும் குழாய்) சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே புடைப்போ பெயின்டில் சுருக்கமோ தென்பட்டால், வண்டி எதிலோ நேராக மோதியிருக்கக்கூடும் என்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது. மேலோட்டமான துரு பொருட்டல்ல. சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் தண்டு) அசைகிறதா என்பதை மட்டும் அவசியம் சோதியுங்கள். ஆண்டுக்கணக்கில் எஃகுக் குழாய்க்குள் இறுகிப்போன அலுமினியத் தண்டைக் கழற்றுவது பெரும்பாடு.

செலவு செய்வதென்றால் நான் முதலில் சக்கரங்களுக்கே செய்வேன். எஃகு ரிம்கள் மழையில் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம்களும் புதிய பிரேக் கட்டைகளும் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிடும். 27 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 700சி எனப்படும் சற்றே சிறிய அளவுச் சக்கரத்தைப் பொருத்தும்போது ரிம்மின் ஆரம் 4 மி.மீ. குறைவதால், பிரேக் கட்டை அந்த அளவுக்குக் கீழே இறங்குமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். பின்சக்கரம் அமரும் இடைவெளி 126 மி.மீ. எனில், எஃகு வளைந்துகொடுக்கும் என்பதால், பழகிய மெக்கானிக் ஒருவர் அதை புதிய சக்கரத்தின் 130 மி.மீ. ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதிக்கு) ஏற்ப விரித்துத் தர முடியும்; கார்பன் ஃபிரேமில் இதை நினைத்தும் பார்க்கக் கூடாது. கியர் தொகுதியை முழுவதுமாக மாற்றுவது பற்றி, ஃபிரேமின் அளவு உங்கள் உடலுக்குப் பொருந்துகிறது என்று ஓட்டிப் பார்த்து உறுதிசெய்த பிறகே யோசியுங்கள்.