பரணில் கிடந்த பை

அன்புள்ள அண்ணனுக்கு,

பரணை ஒழித்தபோது கப்பலில் வேலை பார்த்த மாமாவின் பழைய ட்ரெக்கிங் பை கிடைத்தது. வெளியே அலுமினியக் குழாய்ச் சட்டம், அதில் பையை மாட்டியிருக்கிறது. டிசம்பரில் நண்பர்களோடு உத்தராகண்டில் இருக்கிற கேதார்காந்தா பனிமலைக்குப் போகிறேன். "இதை மாட்டினால் கட்டில் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி இருப்பே, இன்டர்னல் ஃப்ரேம் வாங்கு" என்று சிரிக்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாமாவின் பை போதாதா?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

முதலில் பையை மோந்து பாருங்கள். பழைய நைலான் பைகளின் உட்புறம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். நம் கடற்காற்றின் ஈரத்தில் அது சிதைந்து பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை வரும். அப்படியிருந்தால் பனிக்குத் தாங்காது. பையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பின்களையும் பாருங்கள். ஒன்று துருப்பிடித்து உடைந்தாலும் பாதி வழியில் பை தொங்கும்.

எல்லாம் நன்றாக இருந்தால்? அப்போதும் கேதார்காந்தாவுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கட்டில் மாதிரி இருக்கிறது என்பதற்காக அல்ல.

பழைய வண்ணாரப்பேட்டையில் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிறவரைக் கவனித்திருப்பீர்கள். மூட்டையை இடுப்புப் பக்கம் சரிய விடமாட்டார். பிடரிக்குக் கீழே வாங்கி, லேசாகக் குனிந்து, எடையை இடுப்பு வழியாகக் காலுக்கு இறக்கிவிடுவார். கை சும்மா ஒரு பிடிப்புக்குத்தான். 1950களில் அமெரிக்காவில் டிக் கெல்ட்டி விற்க ஆரம்பித்த அலுமினியச் சட்டப் பைகளின் சூட்சுமமும் இதுதான். சுமை உயரத்தில் நிற்கும், இடுப்புப் பட்டை அதைத் தாங்கும். முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று ஓடும். நம் வெயிலில் அது லேசுப்பட்ட விஷயமில்லை. நல்ல பாதையில் கனத்தைச் சுமக்க இன்றைக்கும் அதை அடித்துக்கொள்ள முடியாது.

பாதை கெட்டால்தான் வம்பு. இரவல் வாங்கிய இப்படியொரு பையோடு ஒருமுறை ஆந்திராவிலுள்ள நாகலாபுரம் மலைக்குப் போனேன். ஓடையில் ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினேன். நான் நின்றுவிட்டேன், பை நிற்கவில்லை. அரை நொடி கழித்து வலப்பக்கம் ஆடி என்னையும் இழுத்துக்கொண்டு போனது. இடுப்பளவு மடு. அன்றைக்கு அரிசியைத் தனியாக ஊறவைக்கும் வேலை மிச்சம்.

1967-இல் கிரெக் லோ கொண்டுவந்த இன்டர்னல் ஃப்ரேமில் சட்டம் பைக்குள்ளேயே இருக்கும். பை முதுகோடு ஒட்டி, நீங்கள் திரும்பினால் தானும் திரும்பும். கால் வழுக்கும் பனியில் அதுதான் வேண்டும். முதுகு வேர்க்கும், நின்றால் அந்த வேர்வை ஜில்லிடும். மாற்று உள்சட்டை ஒன்றைக் கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள்.

கடையில் எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்துக்குத்தான் பை பொருந்த வேண்டும். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இது வேறுபடும். அப்புறம் பத்து கிலோ போட்டு மாட்டச் சொல்லுங்கள். இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குங்கள், தோள்வாரை அதன் பிறகு. தோள்தான் முதலில் வலிக்கிறது என்றால் அந்தப் பை உங்களுடையது இல்லை. காசு கையைக் கடித்தால் வாடகைக்கு எடுங்கள், ட்ரெக்கிங் கூட்டிப்போகிற பல கம்பெனிகள் தருகின்றன.

மாமாவின் சட்டத்தைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பையைக் கழற்றிவிட்டு, வெறும் சட்டத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேனை, முதல் வாரம் பாதி நிரப்பி, இறுக்கிக் கட்டி மாடிப்படி ஏறுங்கள். டிசம்பருக்குள் கால் பழகிவிடும். கேனை மேலே கொண்டுவந்து வைத்தால் வீட்டிலும் திட்டமாட்டார்கள்.