பார்டர் கோலி நாய் குரைக்காமலே ஆடுகளை எப்படி ஓட்டுகிறது?

பார்டர் கோலி, இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைப்புற மலைகளில் செம்மறிகளை ஓட்டிச் சேர்க்க வளர்த்த நாய். இன்றைய இனத்தின் மூதாதை, 1893இல் வட இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாய். குரைத்தும் கடித்தும் விரட்டும் நாய்களுக்கு நடுவே இது தலையைத் தாழ்த்தி, வயிறு புல்லில் உரசப் பதுங்கி, வெறும் பார்வையாலேயே ஆட்டை நகர்த்தியது, அதனால்தான் பலரும் அதன் வழிக் குட்டிகளைத் தேடிப் போனார்கள். காரணம் எளிது: நாயின் மூதாதையான ஓநாய் வேட்டையில் உற்றுப்பார்க்கும், பதுங்கும், கடைசியில் கடிக்கும், மேய்ப்பர்கள் அந்தக் கடி குறைந்தவற்றையே தேர்ந்து பெருக்கினார்கள். ஆசிரியர் வாசலில் வந்து நின்றாலே கடைசி பெஞ்சு வரை அடங்குமே, அப்படித்தான் அந்தப் பார்வைக்கே ஆடுகள் நகர்கின்றன. எத்தனை அழகான வேலை! அப்புறம், பெயரில் பார்டர் இருப்பதால் ராணுவ எல்லைக் காவலுக்கு வளர்த்த நாய் என்று நினைத்துவிடலாம். அது பிறந்த ஊர்ப்பக்கத்தைச் சொல்லும் பெயர், அவ்வளவுதான்.