ஸ்பேனரைத் தேடியே பாதி நாள் போகிறதா?

கேள்வி: ஒரு கார் மட்டும் நிற்கும் அளவுக்கு ஷெட் இருக்கிறது. ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது, பேட்டரி பார்ப்பது என்று சின்னச் சின்ன வேலைகளை நானே செய்துகொள்கிறேன். டூல் பாக்ஸ் மூன்று வைத்திருக்கிறேன். இருந்தும் பாதி நேரம் ஸ்பேனரைத் தேடுவதிலேயே போய்விடுகிறது. வருடத்துக்கு இரண்டு முறை எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்குகிறேன். ஒரே மாதத்தில் பழைய கதைதான். எந்த மாதிரி ரேக் வாங்கினால் சரிவரும்? காருக்கு அடியில் வேலை பார்க்கக் குழி வெட்டலாமா?

பதில்: ரேக் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். குழி வேண்டவே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுக்கியது ஒரே மாதத்தில் கலைகிறது என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு அடுக்கத் தெரிகிறது. திருப்பி வைப்பதில்தான் கோளாறு. தேவை வந்துவிட்டால் மூன்று பெட்டியையும் கவிழ்த்துக் கொட்டியாவது ஸ்பேனரை எடுத்துவிடுவோம். வேலை முடிந்ததும் அதே ஸ்பேனரை வைக்க மூடியைத் திறந்து, மேல்தட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் பையில் செருக வேண்டும் என்றால் யாருக்குப் பொறுமை இருக்கும்? கையெல்லாம் கிரீஸ் வேறு. ரேடியேட்டர் மேலேயோ பேட்டரி மேலேயோ வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். பேட்டரி மேல் மட்டும் மறந்தும் வைக்காதீர்கள். இரண்டு முனையிலும் ஸ்பேனர் பட்டால் அங்கேயே வெல்டிங் நடந்துவிடும்.

ஷெட்டை ஒழுங்குபடுத்த நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கிரீஸ் படிந்த ஒரு கையால், ஒரே அசைவில், காரை விட்டு நகராமல் கருவியைத் திருப்பி வைக்க முடிகிறதா? முடியாது என்றால் அந்த இடம் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலைக்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் ஷெட்டில் ஒரு சுவர் முழுக்கத் துளைப் பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்தைக் கறுப்பு பெயின்டில் வரைந்து மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பலகை இருந்ததோ காரின் இடது பக்கச் சுவரில். வலது முன்சக்கரத்தில் வேலை நடக்கும்போது ஒரு 14 மி.மீ. ஸ்பேனரை மாட்ட காரைச் சுற்றிக்கொண்டு போய்வர வேண்டும். மூன்றே மாதத்தில் சுவரில் வெறும் கறுப்பு நிழல்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஸ்பேனர்கள் தரையில் கிடந்தன.

ஆகவே முதலில் ஒரு சோதனை. அடுத்த முறை பிரேக் பேடு மாற்றும்போது சுவரில் ஒரு தாளை ஒட்டிவையுங்கள். எதையாவது எடுக்கக் காரை விட்டு நகரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொருளின் பெயரை அதில் எழுதுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ராட்செட் (சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கைப்பிடி), 12 சாக்கெட், 14 சாக்கெட், கம்பி பிரஷ், துணி, காலிபரை (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் பாகம்) தொங்கவிடக் கம்பி, மறுபடி துணி, மறுபடி துணி. உங்கள் ஷெட் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான வரைபடமே அந்தத் தாள்தான். துணி மூன்று முறை வந்திருந்தால், அலமாரியில் மடித்து வைத்திருக்கும் துணி காருக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும் என்று பொருள்.

பெரும்பாலான வீட்டு வேலைக்கு 8, 10, 12, 13, 14, 17, 19 என்று ஏழெட்டு அளவுகளே மீண்டும் மீண்டும் தேவைப்படும். வீல் நட்டுக்கு 17, 19 அல்லது 21. இவற்றோடு கால் இஞ்ச், அரை இஞ்ச் ராட்செட் ஒவ்வொன்று, எக்ஸ்டென்ஷன் இரண்டு, பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் இரண்டு. நூறு உருப்படி உள்ள செட்டில் இவை மட்டும் தேய்ந்திருக்கும், மற்றவை புதுசாகவே இருக்கும். தேய்ந்தவற்றைத் தனியே பிரித்து, சக்கரம் வைத்த மூன்று தட்டு தள்ளுவண்டியில் வையுங்கள். மீதி உங்கள் டூல் பாக்ஸ்களிலேயே இருக்கட்டும். 10 சாக்கெட் மட்டும் இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது தொலைவதற்கென்றே பிறந்தது.

தள்ளுவண்டியின் நடுத்தட்டில் சாக்கெட்டுகளைக் கம்பியில் வரிசையாகக் குத்தி நிறுத்துங்கள். எது காணோம் என்பது ஒரே பார்வையில் தெரியும். பானெட்டை மூடுவதற்கு முன் அந்த வரிசையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு வழக்கம். ஃபேன் பெல்ட் ஓடும் இடத்தில் மறந்துபோன சாக்கெட் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கீழ்த்தட்டில் சுத்தியல், கம்பி பிரஷ், ஸ்ப்ரே டப்பாக்கள். மேல்தட்டு காலியாக இருக்க வேண்டும். காலியாக இருப்பதுதான் அதன் வேலை. அன்றைய வேலைக்கு எடுத்தவை எல்லாம் அங்கே குவியட்டும். விளக்கை அணைப்பதற்கு முன் அந்த ஒரு தட்டைக் காலி செய்தால் போதும்.

ஒரே அசைவில் வைக்கும்படி கருவியின் இடம் திறந்தே இருக்க வேண்டும் என்கிற என் விதிக்கு ஒரு விலக்கு டார்க் ரெஞ்ச், அதாவது நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர். அதை அதன் பெட்டியிலேயே, அதில் குறித்திருக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள். ஸ்பிரிங்கை இறுக்கத்திலேயே மாதக்கணக்கில் விட்டால் அளவு தவறத் தொடங்கும். அதை வைத்து நட்டைக் கழற்றவும் கூடாது.

அடுத்தது இடம். காரை நிறுத்தி நான்கு கதவையும் முழுதாகத் திறந்து, கதவு முனை வரும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். அந்தக் கோட்டுக்குள் தரையில் எதுவும் நிற்கக் கூடாது. ஒற்றைக் கார் ஷெட்டில் மிஞ்சும் இடம் பெரும்பாலும் முன்பக்கம்தான். பெஞ்சைப் போட வேண்டியதும் அங்கேதான், இன்ஜினுக்கு எதிரே. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம் பட்டறைப் பெஞ்சுக்குச் சரி. பெரும்பாலானோருக்கு அது 85 முதல் 95 செ.மீ.க்குள் அமையும். வைஸை (பொருளைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு இடுக்கி) மேசை நடுவில் பொருத்தாதீர்கள். மேசைக் கால் இருக்கும் மூலையில், பின்தாடை மேசை விளிம்பைத் தாண்டி இம்மியளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போல்ட் போடுங்கள். அப்போதுதான் நீளமான குழாயையோ ஷாஃப்டையோ நிற்கவைத்துப் பிடிக்க முடியும். ஒரு முறை தவறாகப் பொருத்திவிட்டு மேசையை அறுத்தவன் சொல்கிறேன்.

வீட்டுச் சாமான் கட்டாயம் ஷெட்டுக்குள் வரும். சைக்கிள், பழைய பெயின்ட் டப்பா, அட்டைப்பெட்டி எதையும் தடுக்க முடியாது. பின்சுவரில் தலைக்கு மேல் ஒரு பரணை அவற்றுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஒரே ஒரு பொருளை மட்டும் ஷெட்டுக்குள் விடவே விடாதீர்கள்: கழிவறை, தரை கழுவும் ஆசிட். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கசியும். ஸ்பேனர்கள் காரணமே இல்லாமல் துருப்பிடிக்கின்றன என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

விளக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தேடுதலில் பாதி இருட்டினால் வருவது. கூரை நடுவில் ஒற்றை விளக்கு இருந்தால் அது காரின் கூரைக்குத்தான் வெளிச்சம் தரும். பானெட்டுக்குள் உங்கள் தலையின் நிழலே விழும். இரு பக்கச் சுவர்களிலும் நீளவாக்கில் எல்.இ.டி. குழல்விளக்கு போடுங்கள், 4000 முதல் 5000 கெல்வின் வரை உள்ளது கண்ணுக்கு இதம். கூடவே தலையில் மாட்டும் விளக்கு ஒன்று. பிளக் பாயின்ட்டுகள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) கட்டாயம்.

இனி குழி. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். அங்கே ஒரு கை விளக்கு உடைந்தாலோ கிரைண்டர் பொறி விழுந்தாலோ, உள்ளே இருப்பவருக்கு ஏறி வரவும் வழி இருக்காது. தண்ணீர் ஊறுவது, ஆள் தவறி விழுவதெல்லாம் தனிக் கதை. உங்கள் வேலைகளுக்கு நல்ல டிராலி ஜாக்கியும் ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டும் போதும். சமமான, கெட்டியான தரை. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கி, உள்ளே நுழைவதற்கு முன் காரை ஒரு முறை பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். இடமும் மிச்சம், ஸ்டாண்டு சரிந்தாலும் தாங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடக் கீழே போகாதீர்கள். ஹைட்ராலிக் சீல் சொல்லிவிட்டுப் போகாது. அதேபோல ஷெட் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

கழற்றிய போல்ட்டுகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போடுகிறவர் என்றால் இதை முயன்று பாருங்கள். வாட்டர் பம்பைக் கழற்றப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அட்டையில் பம்பின் உருவத்தைத் தோராயமாக வரையுங்கள். போல்ட் இருக்கும் இடங்களில் ஸ்க்ரூ டிரைவரால் துளை போடுங்கள். மேலே இருந்து கழற்றும் போல்ட்டை அட்டையிலும் மேல் துளையில் செருகுங்கள். முடிக்கும்போது அட்டையே ஒரு சின்னப் பம்ப் போல இருக்கும், ஒவ்வொரு போல்ட்டும் தன் இடத்தில் நின்றுகொண்டு. பார்க்க விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் ஒரே தலை அளவுள்ள போல்ட்டுகளில் இரண்டு மட்டும் நீளம் அதிகமாக இருக்கும். நீளமானது குட்டைத் துளைக்குள் போய் அடியில் முட்டினால் அலுமினிய வார்ப்பு விரிசல் விட்டுவிடும். இடம் மாற வாய்ப்பில்லாத போல்ட்டாக இருந்தால், கழற்றிய துளையிலேயே இரண்டு சுற்று திருகி வைப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.

திரவங்களைக் கதவுள்ள இரும்பு அலமாரியில் பூட்டி வையுங்கள். எதையும் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிக்கும், அது கொடிய நஞ்சு. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கிவிடும். அதனால் சிறிய பாட்டிலாக வாங்கி, திறந்து பல மாதமான மிச்சத்தைத் தயங்காமல் கழித்துவிடுங்கள். பழைய இன்ஜின் ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி, ‘பழையது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, மறுசுழற்சிக்கு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். அதில் பிரேக் ஆயிலையோ பெட்ரோலையோ கலந்தால் வாங்க மாட்டார்கள். எண்ணெய்த் துணிகளுக்கு மூடியுள்ள இரும்புத் தொட்டி ஒன்று வேண்டும். ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ் பட்ட துணிகள் சுருட்டிக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானை மாட்ட வேண்டிய இடம் வெளியே போகும் வாசல். தீயைத் தாண்டிப் போய் எடுக்கும்படி உள்மூலையில் இருந்தால் பயனில்லை.

பேட்டரியைச் சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பலகை தேட வேண்டாம். அது பழைய காலத்து ரப்பர் கூடு பேட்டரிக்குச் சொன்னது. இன்றைய பிளாஸ்டிக் கூட்டுக்குப் பொருந்தாது. சார்ஜ் போடும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் கதவைத் திறந்து வைத்தால் போதும்.

ஒரே நாளில் முடியாத வேலைக்கு என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. பாதியில் நிறுத்தும்போது ஒரு தாளில் ‘இன்ஜினில் ஆயில் இல்லை’ அல்லது ‘வலது முன் வீல் நட்டு கையால் மட்டும் இறுக்கியது’ என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுவேன். சாவி என் பையில் இருக்கும். மறுநாள் நானே மறந்து காரை எடுக்கப் போனாலும் அந்தத் தாள் கண்ணில் படும்.

இப்படி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தள்ளுவண்டியின் மேல்தட்டில் எது மிஞ்சி நிற்கிறதோ, அதற்குத்தான் இன்னும் இடம் அமையவில்லை. அதை அளந்து எடுத்துக்கொண்டு ரேக் வாங்கப் போங்கள்.