வாசகர் கேள்வி, அக்கா பதில்: போகலாமா, இருக்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் சுத்தி சுத்தி கேட்டிருக்கீங்க, பின்னாடி வருத்தப்படாம இருக்க இப்ப என்ன முடிவெடுக்கணும்னு. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு. ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், பதினோரு வருஷமா அதே சீட்டு. அனிமேஷன் மேல சின்ன வயசுலேர்ந்து ஆசை, ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு லேப்டாப்ல உக்காந்து குட்டி குட்டியா நிறைய பண்ணி வச்சிருக்கேன், இதுவரைக்கும் யாருக்கும் காட்டினதில்ல. வேலைய விட்டுட்டு முழுசா இறங்கிடலாமான்னு மூணு வருஷமா யோசனை. வீட்டு லோன் இருக்கு, ஒரு குழந்தை இருக்கு. அறுபது வயசுல "அன்னிக்கே போயிருக்கலாமே"ன்னு அழுவேனோன்னு பயமா இருக்கு.

பதில்: உங்க பயம் நியாயமான பயம்தான் தம்பி. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1995ல இதப்பத்தி விரிவா எழுதியிருக்காங்க. போன வாரம், போன மாசம்னு பக்கத்துல நடந்தத நினைச்சு பார்த்தா மனுஷனுக்கு செஞ்ச தப்பு உறுத்துது, ஆனா மொத்த வாழ்க்கையையும் திரும்பி பார்க்க சொன்னா செய்யாம விட்டதுதான் முன்னாடி வந்து நிக்குது. ஏன்னு யோசிச்சா புரியும். செஞ்சு சொதப்பினதுக்கு நாமளே ஏதோ ஒரு வழி பண்ணிடறோம், மன்னிப்பு கேக்கறோம், வேற வேலை தேடறோம், சரி போகட்டும்னு மனச தேத்திக்கறோம். செய்யாம விட்டதுக்கு அப்படி ஒரு முடிவே வர்றதில்ல, அன்னிக்கு எதுக்கு பயந்தோம்ங்கறது வருஷம் போகப்போக மறந்துடுது, போயிருந்தா என்னென்ன நல்லது நடந்திருக்கும்ங்கற கற்பனை மட்டும் வளந்துகிட்டே இருக்கு. கிலோவிச்சும் ஷாய் டேவிடாயும் 2018ல வெளியிட்ட இன்னொரு ஆய்வுலயும் இதே மாதிரிதான், கடமைய செய்யலயேங்கற வருத்தத்த விட "நான் இப்படி ஆகணும்னு நினைச்சேனே, ஆகலயே"ங்கற வருத்தம்தான் ரொம்ப காலம் நிக்குதாம், ஏன்னா கடமை தவறினா உடனே சரி பண்ண ஓடறோம், ஆசைய மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வைக்கறோம்.

இத படிச்சுட்டு நாளைக்கே ரிசைன் லெட்டர் குடுத்துடாதீங்க. இந்த ஆராய்ச்சியெல்லாம் காட்டி "வேலைய விடு, குதி"ன்னு மேடைல பேசறவங்க மேல எனக்கு உண்மையிலேயே கோவம் வரும், ஏன்னா குழந்தையோட ஃபீஸும் லோன் தவணையும் கட்டப்போறது அவங்க இல்ல. செய்யாம விட்டதுன்னா வேலைய விடாததுன்னு அர்த்தம் கிடையாது. உங்க விஷயத்துல நீங்க செய்யாம விட்டது என்னன்னு நான் சொல்லட்டுமா? மூணு வருஷமா பண்ணினத ஒரே ஒருத்தர்கிட்டகூட காட்டல. உங்களுக்கு அது வருமா வராதான்னே இன்னும் தெரியாது, உங்க வேலைக்கு ஒருத்தர் பணம் குடுப்பாரான்னும் தெரியாது, தெரியாமலே மனசுக்குள்ள வாதாடிகிட்டு இருக்கீங்க.

ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல சொந்தமா தொழில் தொடங்கினவங்கள ஆராய்ஞ்சு 2014ல எழுதினாங்க. வேலைல இருந்துகிட்டே சின்னதா ஆரம்பிச்சு அப்புறம் முழுசா மாறினவங்க தொழில கைவிடற வாய்ப்பு, ஒரேயடியா குதிச்சவங்கள விட 33 சதவீதம் கம்மியா இருந்திருக்கு. அந்த இடைப்பட்ட காலத்துல இது நமக்கு ஒத்துவருமான்னு அவங்களுக்கே தெரிஞ்சுடுது, ஒத்துவராதவங்க பெரிய நஷ்டம் இல்லாம ஒதுங்கிக்கறாங்க. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்றோமே, அது காலையே விடாதேன்னு சொன்னது இல்ல.

ஜெஃப் பெசோஸ் 1994ல வேலைய விட்டு அமேசான் ஆரம்பிச்சப்ப, 80 வயசுல திரும்பி பார்த்தா எதுக்கு வருத்தப்படுவேன்னு யோசிச்சு முடிவெடுத்தேன்னு சொல்லுவார், அந்த கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதவிட உபயோகமா படறது, பல வருஷம் கழிச்சு அவர் பங்குதாரர்களுக்கு எழுதின கடிதத்துல சொன்னது. முடிவுகள்ல சிலது திரும்பி வரக்கூடிய கதவு, சிலது போனா போனதுதான். முதல் வகைய சீக்கிரமா எடுத்துடணும், ரெண்டாவது வகைய பொறுமையா எடுக்கணும். நாம பண்றது நேர் எதிர், ஒருத்தருக்கு வேலைய காட்டறதுக்கு மூணு வருஷம் யோசிக்கறோம், சேமிப்ப மொத்தமா எடுத்து ஒரு இடத்துல போடறத ஒரே ராத்திரில முடிவு பண்ணிடறோம்.

அதனால இந்த வாரமே நீங்க பண்ணினதுல நல்லதா ஒரு நாலு அஞ்சு எடுத்து, அந்த துறைல இருக்கற ரெண்டு பேருக்கு அனுப்புங்க. நண்பர்களுக்கு வேணாம், அவங்க சூப்பர்னுதான் சொல்லுவாங்க. அடுத்து சின்னதா ஒரு வேலைய பணம் வாங்கிகிட்டு செஞ்சு குடுங்க, பணம் எவ்வளவுங்கறது முக்கியமில்ல, ஒருத்தர் கெடு வச்சு, திருத்தம் மேல திருத்தம் சொல்லி, நீங்க ஆபீஸ் முடிஞ்சு வந்து கண்ணு எரிய எரிய அத முடிச்சு குடுத்த பிறகும் அந்த ஆசை இருக்கான்னு பாக்கணும். அதோட ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்க: மாசம் கட்டாயமா போற பணம் எவ்வளவு, கைல இருக்கறது எத்தன மாசம் தாங்கும், எந்த தேதி வரைக்கும் முயற்சி, அதுக்குள்ள என்ன நடந்தா போவேன், என்ன நடக்கலன்னா போகமாட்டேன். அத உங்க மனைவிகிட்ட காட்டுங்க. அந்த தேதில போகமாட்டேன்னு முடிவு வந்தாலும் பரவாயில்ல, தெரிஞ்சு எடுத்த முடிவோட அந்த சீட்ல உக்கார்றது வேற, நாளைக்கு பாத்துக்கலாம்னு உக்கார்றது வேற.

கேள்வி: அக்கா, ரெண்டு பக்கமும் சமமா இருக்கு, நாணயத்த சுண்டிவிட்டு முடிவு பண்ணலாமா? சீரியஸா கேக்கறேன்.

பதில்: சீரியஸாவே சொல்றேன், அத ஒருத்தர் செஞ்சே பாத்திருக்கார். ஸ்டீவன் லெவிட்ங்கற பொருளாதார பேராசிரியர், வேலைய விடவா, உறவ முறிக்கவான்னு முடிவெடுக்க முடியாம தவிக்கறவங்கள இன்டர்நெட்ல நாணயம் சுண்டச் சொன்னார், 20,000 தடவைக்கு மேல சுண்டினாங்க. ஆறு மாசம் கழிச்சு விசாரிச்சா, பெரிய விஷயங்கள்ல மாத்தத்த தேர்ந்தெடுத்தவங்க இருக்கறபடியே இருந்தவங்கள விட சந்தோஷமா இருந்தாங்க. 2021ல இது ஆய்வுக் கட்டுரையா வந்துச்சு. ஒண்ணு கவனிக்கணும், அங்க வந்தவங்க ஏற்கனவே விளிம்புல நின்னவங்க, வாழ்க்கை நல்லா போறவங்க நாணயத்த தேடி வரமாட்டாங்க. உண்மையிலேயே நீங்க அந்த விளிம்புல ரொம்ப நாளா நிக்கறீங்கன்னா, மாறலாம்ங்கற பக்கத்துக்கு கொஞ்சம் கூடுதலா எடை குடுங்க.

கேள்வி: நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். ஒரு பேச்சாளர் வந்து, 1953ல யேல் யூனிவர்சிட்டில 3 சதவீதம் பேர் மட்டும் இலக்க எழுதி வச்சாங்க, இருபது வருஷம் கழிச்சு அவங்க சொத்து மத்த 97 சதவீதம் பேரோட மொத்த சொத்தையும் தாண்டிடுச்சுன்னு சொன்னார். நானும் டைரில பத்து இலக்கு எழுதிட்டேன் அக்கா, ஒண்ணும் நகர மாட்டேங்குது.

பதில்: அப்படி ஒரு ஆராய்ச்சி நடக்கவே இல்ல தம்பி. யேல் யூனிவர்சிட்டியே தேடி பாத்துட்டு இல்லன்னு சொல்லிடுச்சு, ஆனா மேடைகள்ல அது இன்னும் ஓடிகிட்டுதான் இருக்கு. எழுதறது தப்பில்ல. ஆனா எழுதின உடனே பாதி நடந்துட்ட மாதிரி ஒரு நிம்மதி வருதுல்ல, அங்கதான் ஆபத்து. கேப்ரியல் ஓட்டிங்கன்னு ஒரு உளவியல் பேராசிரியை வேலை தேடற பட்டதாரிகள பின்தொடர்ந்து பாத்திருக்காங்க, நல்ல வேலை கிடைச்ச மாதிரி அடிக்கடி இனிமையா கனவு கண்டவங்க அனுப்பின விண்ணப்பமும் கம்மி, ரெண்டு வருஷத்துல வந்த வேலையும் கம்மி. அதனால கனவு காணாதேன்னு அவங்க சொல்லல, கனவு கண்ட கையோட குறுக்க எது நிக்கும்னும் யோசிச்சுடுன்னு சொல்றாங்க.

பீட்டர் கோல்விட்சர்னு இன்னொருத்தர், ஓட்டிங்கனோட கணவர்தான், அவர் மாணவர்கள்கிட்ட விடுமுறை நாள எப்படி கழிச்சீங்கன்னு ரெண்டு நாளைக்குள்ள எழுதி அனுப்ப சொன்னார். சில பேர்கிட்ட மட்டும் எங்க உக்காந்து எப்ப எழுதுவீங்கன்னு முன்கூட்டியே குறிச்சுக்க சொன்னார். குறிச்சுகிட்டவங்க அனுப்பினது மத்தவங்கள விட ரெண்டு மடங்குக்கு மேல. அவ்வளவு சின்ன விஷயம்.

உங்க டைரில "இங்கிலீஷ் நல்லா பேசணும்"னு எழுதியிருப்பீங்க, சரியா? அத அடிச்சுட்டு இப்படி எழுதுங்க: "சாயங்காலம் பஸ்ல உக்காந்த உடனே போன்ல பத்து நிமிஷம் ஒரு இங்கிலீஷ் செய்திய கேப்பேன். நண்பன் பக்கத்துல உக்காந்து பேச ஆரம்பிச்சா, வீட்டுக்கு போய் ஷூ கழட்டினதும் கேப்பேன்." குறுக்க வர்ற ஆளையும் சேத்து எழுதியாச்சு பாருங்க. பத்து இலக்குல எட்ட இப்போதைக்கு மூடி வைங்க, இருபது வயசுல பத்தையும் பிடிச்சுகிட்டா ஒண்ணும் கைல நிக்காது.

கேள்வி: தங்கச்சின்னே கூப்பிடறேன், எனக்கு 52 வயசு. வக்கீலுக்கு படிக்கணும்னு ஆசைப்பட்டேன், கல்யாணம், பிள்ளைங்கன்னு போயிடுச்சு. இப்ப பிள்ளைங்க தனியா போயாச்சு. இனிமே படிச்சு என்ன பண்ணப்போறன்னு வீட்ல கேக்கறாங்க, எனக்கே பதில் தெரியல.

பதில்: அக்கா, வீட்ல கேக்கற கேள்விய கிண்டலா எடுத்துக்காம நேரா எடுத்துக்குங்க, அது நல்ல கேள்வி. அன்னிக்கு வக்கீல் ஆகணும்னு நினைச்சப்ப அதுல எது உங்கள இழுத்துச்சு? கோர்ட்ல நின்னு வாதாடறதா, சட்டம் தெரியாம ஏமாறறவங்களுக்கு துணையா நிக்கறதா, இல்ல படிப்பேவா? இதுல எதுன்னு தெரிஞ்சா பாதையே மாறும். வாதாடணும்னா முழு பட்டம் வேணும், அதுக்கு மேல ஒரு சீனியர்கிட்ட சில வருஷம் உழைக்கணும், உடம்புக்கும் அந்த நேரத்துக்கும் தயாரான்னு பாக்கணும். துணையா நிக்கணும்னா இலவச சட்ட உதவி குடுக்கற இடத்துல வாரம் ஒரு நாள் போய் உக்காந்து, வர்றவங்களுக்கு மனு எழுத உதவ முடியுமான்னு கேக்கலாம், பட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. படிப்புதான் ஆசைன்னா தொலைதூர கோர்ஸ் ஒண்ணுல ஆரம்பிங்க, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

இன்னொண்ணு. 2013ல ஜோர்டி க்வாய்ட்பாக், டேனியல் கில்பர்ட், திமத்தி வில்சன்னு மூணு பேர் 18லேர்ந்து 68 வயசு வரைக்கும் 19,000 பேருக்கு மேல கேட்டு பாத்தாங்க. எல்லா வயசுக்காரங்களும், போன பத்து வருஷத்துல நான் நிறைய மாறிட்டேன், அடுத்த பத்து வருஷத்துல பெருசா மாறமாட்டேன்னே நினைக்கறாங்க. நமக்கு இனி இவ்வளவுதான்னு தோணறது வயசால வர்றதில்ல, பதினெட்டு வயசுலயும் அப்படித்தான் தோணுது. வேரா வாங் திருமண உடை வடிவமைக்கற தொழில தொடங்கினப்ப அவங்களுக்கு நாப்பது வயசு, அமெரிக்காவுல கிராண்ட்மா மோசஸ்ங்கற ஓவியர் மும்முரமா வரைய ஆரம்பிச்சது எழுபது தாண்டினப்புறம். அவங்க மாதிரி பேர் வாங்கணும்னு சொல்லல, தாராளமா நேரம் இருக்குன்னு சொல்ல வந்தேன். முதல்ல ஒரு நாள் கோர்ட்டுக்கு போய் பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு வாங்க, அப்புறம் எனக்கு எழுதுங்க.

கேள்வி: எல்லாரையும் துணிஞ்சு போக சொல்றீங்க. நான் போனேன். ரெண்டு வருஷம் முன்னாடி வேலைய விட்டு நண்பனோட சேந்து தொழில் தொடங்கி, போன வருஷம் மூடிட்டோம். இப்ப பழைய சம்பளத்த விட கம்மியா ஒரு வேலைல இருக்கேன். தினமும் ராத்திரி "ஏன் போனேன்"னு தூக்கம் வரல. இதுக்கு என்ன பதில்?

பதில்: உங்க கடிதத்த ரெண்டு மூணு தடவ படிச்சேன். ஆறுதலா நாலு வார்த்தை சொல்லி முடிச்சுட எனக்கு மனசு வரல, உங்களுக்கு வலிக்குது, வலிக்கத்தான் செய்யும். மேல சொன்னேனே, பக்கத்துல நடந்ததுல செஞ்ச தப்புதான் உறுத்தும்னு, நீங்க இப்ப சரியா அந்த காலத்துல இருக்கீங்க. இந்த சூடு இப்படியே இருக்காது.

ஆனா ராத்திரி நீங்க கேக்கற கேள்விய மட்டும் மாத்தணும். பரூக் ஃபிஷாஃப்ங்கறவர் 1975ல காட்டினார், முடிவு தெரிஞ்ச பிறகு "இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணுமே"ன்னு நமக்கு தோணிடுது, அன்னிக்கு உண்மையில எவ்வளவு தெரிஞ்சுதுன்னு நம்மளால திரும்ப நினைச்சு பாக்கவே முடியறதில்ல. நீங்க இப்ப உங்க மேல நடத்தற விசாரணைல அதான் நடக்குது. அதனால தலைக்குள்ள வேணாம், பேப்பர்ல வைங்க. தொழில் தொடங்கின சமயத்துல நண்பனோட பேசின மெசேஜ், போட்ட கணக்கு எல்லாத்தையும் எடுத்து, அன்னிக்கு தெரிஞ்சது ஒரு பக்கம், அப்புறமா தெரிய வந்தது இன்னொரு பக்கம்னு பிரிச்சு எழுதுங்க. அன்னிக்கே தெரிஞ்சும் கண்ண மூடிகிட்டது ஏதாவது இருந்தா, உதாரணத்துக்கு கூட்டாளியோட எழுத்துல ஒப்பந்தம் போடாதது, அது மட்டும்தான் உங்க கணக்கு, அடுத்த தடவைக்கு அத எடுத்துக்குங்க. பேப்பர்ல மீதி எழுதினதுக்கெல்லாம் நீங்க பொறுப்பில்ல. தூக்கம் வராதது வாரக்கணக்கா நீடிக்குதுன்னா ஒரு டாக்டர பாருங்க, தள்ளிப் போடாதீங்க. அடுத்த பெரிய முடிவு எதையும் இந்த மாசம் எடுக்க வேணாம்.

கேள்வி: என் கனவுக்கு அப்பா அம்மா சேமிப்ப கேக்கலாமா?

பதில்: பெசோஸுக்கு அவரோட அப்பா அம்மா பணம் போட்டாங்கன்னு எல்லாரும் உதாரணம் காட்டுவாங்க. ஆரம்பத்துல பணம் போட்டவங்ககிட்ட அவர், இது தோக்கறதுக்கு 70 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னு சொல்லிட்டுதான் வாங்கினார். நீங்களும் கேக்கறதுன்னா அதே மாதிரி கேளுங்க, "இது திரும்பி வராம போகலாம், வரலன்னா உங்க மருந்து செலவும் வீட்டு செலவும் எதுலேர்ந்து நடக்கும்"னு கணக்கோட முன்னாடி வைங்க. அந்த கேள்விக்கு உங்ககிட்டயும் அவங்ககிட்டயும் பதில் இல்லன்னா கேக்காதீங்க. பிள்ளை கேட்டா இல்லன்னு சொல்ல முடியாத அப்பா அம்மான்னா, அவங்க சரின்னு சொன்ன பிறகும் அந்த பணத்துல பாதிய தொடாதீங்க.