இலை விலை கேட்டால் தூள் விலை வருகிறது

அன்புள்ள அக்கா,

கோத்தகிரி பக்கம் ஊரில் இருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிறேன். எங்கள் பகுதி சிறு தேயிலை விவசாயிகள் கேட்பதற்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் ஒரு ஏஐ ஏஜென்ட் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு நாலு டூல் (தகவல் எடுக்கவோ வேலை செய்யவோ அது அழைக்கும் சிறு நிரல்கள்) கொடுத்திருக்கிறேன்: பசுந்தேயிலை விலை, குன்னூர் ஏல விலை, மழை, எல்லாருக்கும் எஸ்எம்எஸ். "இந்த மாசம் இலைக்கு என்ன விலை?" என்று கேட்டால் சில நேரம் ஏலத்தில் தூள் போன விலையைச் சொல்லிவிடுகிறது. ஏஜென்டுக்கு முன்கூட்டியே கொடுக்கும் அறிவுரையில் (சிஸ்டம் பிராம்ப்ட்) கண்டிப்பாக எழுதிப் பார்த்தேன். பெரிய ஏஐ மாடலுக்கும் மாறினேன். முழுசாகச் சரியாகவில்லை. முதல் டூலுக்கு "தேயிலை விலையைத் தரும்" என்றும், இரண்டாவதற்கு "தேயிலையின் ஏல விலையைத் தரும்" என்றும் விளக்கம் எழுதியிருக்கிறேன். எங்கே பிசகு?

கோத்தகிரி வாசகர்

அன்புள்ள தம்பி,

பிசகு அந்த இரண்டு வரிகளில்தான். மாடல் டூல்களை அழைக்க ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் கொண்டுவந்த ஃபங்ஷன் காலிங் வசதி ஆனாலும், டூல்களை ஏஐ செயலிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை ஆனாலும், டூலைப் பற்றி மாடலுக்குத் தெரிவது அதன் பெயர், விளக்கம், உள்ளீடுகள் பற்றிய குறிப்பு, இவ்வளவுதான். நீங்கள் எழுதிய பைத்தான் நிரல் அதன் கண்ணில் படுவதே இல்லை. அந்த இரண்டு வரிகளை மட்டும் வைத்து யாராலும் சரியானதை எடுக்க முடியாது. ஏல விலையும் தேயிலை விலைதானே?

கோத்தகிரியில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சொல்லத் தேவையில்லை. விவசாயி விலை கேட்டால் ஃபேக்டரிக்குப் போடும் இலைக்குத்தான் கேட்கிறார். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை வேண்டும், அதனால் இரண்டு விலையும் பக்கத்தில்கூட வராது. ஏலம் வாராவாரம் நடக்கிறது. பசுந்தேயிலை விலையைத் தேயிலை வாரியம் மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. ஊருக்கே தெரிந்த இந்த விஷயங்களைத்தான் விளக்கத்தில் எழுத வேண்டும். நான் இப்படி எழுதுவேன்:

"நீலகிரியில் விவசாயிகள் ஃபேக்டரிக்குப் போடும் பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் அறிவித்த மாதச் சராசரி விலை. கிலோவுக்கு, ரூபாயில். இலை விலை, கொழுந்து விலை என்று கேட்டால் இந்த டூல். தூள், ஏலம் பற்றிய கேள்விக்கு இது ஆகாது. அதற்கு ஏல டூல் உண்டு. தினசரி விலை இதில் கிடையாது. மாதத்தை 2025-03 என்ற வடிவில் கொடுக்கவும். விலை இன்னும் வராவிட்டால் 'அறிவிக்கவில்லை' என்று பதில் வரும். அப்போது ஏல விலையைச் சொல்லக் கூடாது. முந்தைய மாத விலையை, எந்த மாதம் என்பதோடு சேர்த்துச் சொல்லலாம்."

கடைசி மூன்று வாக்கியங்களைக் கவனியுங்கள். "சில நேரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சில நேரம் மாத விலை அறிவிப்பதற்கு முந்தைய நாட்களா என்று லாகில் (ஏஜென்ட் செய்தவற்றின் பதிவில்) பாருங்கள். உங்கள் டூல் அப்போது வெறும் பட்டியலையோ பூஜ்யத்தையோ திருப்பிக் கொடுத்தால், மாடல் பக்கத்து டூலில் தேடப் போகும். அது உதவத்தான் பார்க்கிறது. ஏன் எதுவும் கிடைக்கவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்பதை டூலின் பதிலே சொல்லிவிட்டால் தேட வேண்டியதில்லை. ஏல டூலின் விளக்கத்திலும் இதே எல்லையை அந்தப் பக்கத்திலிருந்து எழுதுங்கள். ஒன்றில் மட்டும் எழுதினால் போதாது.

இவ்வளவு நீளமாக எழுதினால் டோக்கன் (மாடல் படிக்கும், காசு கணக்கிடும் எழுத்துத் துண்டு) வீணாகாதா என்று தோன்றலாம். விளக்கங்கள் ஒவ்வொரு முறையும் மாடலுக்குப் போகின்றன, செலவு உண்டுதான். ஆனால் நாலு டூலுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். நாற்பது ஆகும்போது டூல்களைக் குறையுங்கள், வாக்கியங்களை அல்ல.

மழை டூலின் உள்ளீட்டை வெறுமனே 'இடம்' என்று விட்டிருந்தால் ஒருவர் ஊட்டி என்பார், இன்னொருவர் உதகை என்பார். ஆறு தாலுகாக்களின் பெயரையும் பட்டியலாகக் கொடுத்து அதிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அது தருவது மாவட்டச் சராசரி என்றால் அதையும் எழுதிவிடுங்கள். ஜூலையில் பந்தலூர் பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் தூறலோடு போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும், மாடலுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், சோதனைக்கான கேள்விகளை நீங்களே யோசித்து எழுதாதீர்கள். விவசாயிகள் அனுப்பியதை, படுகு மொழி கலந்திருந்தாலும் எழுத்துப்பிழை இருந்தாலும், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பதில் சரியா என்பதோடு எந்த டூலை அழைத்தது என்றும் பாருங்கள். தவறான டூலிலிருந்தும் தற்செயலாகச் சரியான பதில் வரும். விளக்கத்தை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள்.

எஸ்எம்எஸ் டூல்தான் எனக்குக் கவலை. "அனுப்பும் முன் கேட்கவும்" என்று விளக்கத்தில் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அது பூட்டு ஆகாது. ஒரு மனிதர் சரி என்று அழுத்தினால்தான் செய்தி போகும்படி நிரலிலேயே வைத்துவிடுங்கள். தூள் விலையை இலை விலை என்று நம்பி ஊரே ஃபேக்டரி வாசலில் போய் நின்றால் அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம், இதை இன்றைக்கே செய்யுங்கள்.

அன்புடன்,
அக்கா