பிளாஸ்டிக் கவரில் வேர்க்கும் கீரை

கேள்வி: சரவணம்பட்டியில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகனுக்குப் பன்னிரண்டு வயது. வாரம் ஒருமுறை செயலியில் மூன்று கிலோ காய் வாங்குகிறேன், அதில் ஒரு கிலோ உருளைக்கிழங்கு. ஒவ்வொரு காயும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் வருகிறது. கீரை இரண்டே நாளில் அழுகிப் போகிறது. சத்தாகச் சாப்பிடவும் வேண்டும், இந்தக் கவர் குப்பையும் குறைய வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, கோவை

பதில்: நீங்கள் இரண்டு கவலைகளாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. உங்கள் கீரையைக் கெடுப்பதே அந்தக் கவர்தான். பறித்த பிறகும் கீரை மூச்சு விடும், ஈரத்தை வெளியே விடும். காற்றுப் போகாத கவருக்குள் அந்த ஈரம் முத்து முத்தாக இலைமேலேயே தங்கி அழுக வைக்கிறது. இரண்டு தடவை அப்படித் தூக்கிப் போட்டால், மூன்றாவது தடவை கீரை வாங்கவே மனசு வராது. உருளைக்கிழங்குதான் கெடாது என்று கை அங்கே போய்விடும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு, நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது. உங்கள் மூவருக்கும் வாரம் 8 கிலோவுக்கு மேல் வருகிறது. கிழங்கு போக நீங்கள் வாங்கும் காய் 2 கிலோ. பழத்தைச் சேர்த்தாலும் போதாது என்றே நினைக்கிறேன். குறை சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. தேவையான அளவைச் செயலியிலேயே வாங்கினால் கவரும் பெருகும். அதனால் முதலில் வாங்கும் இடத்தை மாற்றுங்கள்.

உழவர் சந்தைக்குப் போங்கள். கோவையில் ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் இருக்கிறது. தூரம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ரோடு காலியாக இருக்கும். விளைவித்தவரே தராசில் நிறுத்து நேராக உங்கள் பையில் கொட்டுவார். நடுவில் கவருக்கு வேலையே இல்லை. நசுங்கும் தக்காளிக்கு மட்டும் தனியாக ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். புதன், வியாழன் வாக்கில் குறைவதை உங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டியில் வாங்கிக்கொள்ளலாம்.

சந்தைக்குப் போனதும் முதலில் முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்குங்கள். கால்சியம், இரும்பு, உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் என்று அதில் இல்லாதது குறைவு. “இலையை உருவ நேரம் ஏது?” என்பீர்கள். என் அம்மா செய்த வழி இது: ராத்திரி கட்டை அப்படியே ஒரு காய்ந்த பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி அடுப்படி மூலையில் வைத்துவிடுவார். காலையில் பிரித்து உதறினால் இலை பெரும்பாலும் தானே உதிர்ந்திருக்கும். மிஞ்சிய ஈர்க்குகளைப் பொறுக்கினால் போதும், பத்து நிமிஷ வேலை. பாசிப்பருப்பு, தேங்காய்ப்பூ போட்டு ஒரு பொரியல். தேங்காயும் எண்ணெயும் ருசிக்கு மட்டும் அல்ல, கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கூடவே எலுமிச்சை ரசம் இருந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும்.

சிறுகீரை, அரைக்கீரை என்றால் கழுவாமல், லேசாக நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும் என்பதால் உணவை அதில் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. பழைய வேட்டியைக் கிழித்தால் பத்துத் துண்டு கிடைக்கும். அப்படி வைத்தாலும் கீரையைத் திங்கள், செவ்வாய்க்குள் முடித்துவிடுங்கள். வெண்டை, பீன்ஸ், கத்தரிக்காய் அதற்கு அடுத்து. பீட்ரூட்டும் பூசணியும் வாரக் கடைசி வரை காத்திருக்கும்.

பீட்ரூட், முள்ளங்கி இரண்டையும் தழையோடு கேட்டு வாங்குங்கள். அந்தத் தழையும் கீரைதான், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரைத்து, பையனுக்கு என்ன துவையல் என்று சொல்லாமல் தோசைக்கு வைத்துப் பாருங்கள்.

நறுக்கிய காய் தட்டுகளை மட்டும் விட்டுவிடுங்கள். நறுக்கியதிலிருந்தே வைட்டமின் சி குறையத் தொடங்கும். அதன்மேல் ஒரு தட்டு, ஒரு பிளாஸ்டிக் உறை வேறு. நாளைய பீன்ஸை இன்று ராத்திரி நறுக்கி எவர்சில்வர் டப்பாவில் வைப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம் பால் கவர். மூலையைத் தனியாக வெட்டி எடுக்காதீர்கள். அந்தத் துணுக்கு எந்தக் கணக்கிலும் வராமல் சாக்கடைக்குப் போய்விடும். ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறி, கவரை அலசிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்குவார்கள். உள்ளே வெள்ளிபோல மின்னும் சிப்ஸ், மசாலாக் கவர்களை அவர்கள் தொடுவதில்லை. ஆகவே வீட்டுக்குள் வருவதைக் குறைப்பதானால் அவற்றை முதலில் குறையுங்கள்.

பையை மறந்து போவதுதான் எல்லோருக்கும் நடப்பது. சந்தையிலிருந்து வந்து காயைக் கொட்டிய கையோடு பைகளை மடித்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுவிடச் சொல்லுங்கள். அந்த வேலை உங்கள் மகனுடையதாக இருக்கட்டும்.