பிஸ்டலில் பிடித்த கரிக்கு மெஷின் வாங்கலாமா?

கேள்வி: மகள் 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டல் சுடுகிறாள், .22 தானுங்க. சீசன் முழுக்கச் சுட்டதில் போல்ட் முகத்திலும் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கிற பாகம்) சேம்பர் வாயிலும் (தோட்டா உட்காருகிற குழி) கரி கல்லாகப் பிடித்துவிட்டது, பிரஷ் போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. கண்ணாடிக் கடையில் இருக்குமே, தண்ணீரில் ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கிற அந்த அல்ட்ராசோனிக் மெஷினை வாங்கச் சொல்கிறார்கள். இன்னொருவர், வினிகரில் பெராக்சைடு கலந்து ஊறப்போடு, பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். எதை வாங்க? (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த இன்னொருவர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். கலவை ஈயத்தைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் கரைந்த பிறகு பாத்திரத்தில் நிற்பது ஈய அசிடேட், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகிற விஷம். கூடவே இரும்பின் நீல மெருகையும் தின்றுவிடும். அதுவும் உங்கள் ஊரில் பெராக்சைடு என்று கேட்டால் மருந்துக்கடை பாட்டிலா வரும், பனியன் துணி வெளுக்கிற 50 சதவீதச் சரக்கல்லவா வரும்! அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

.22 தோட்டாவின் முனை வெறும் ஈயம், மேலே மெழுகு. மருந்துக் கரி, ஈயம், மெழுகு மூன்றும் சூட்டில் சேர்ந்து இறுகியதுதான் நீங்கள் பார்க்கிற கல். காய்ந்த பிரஷால் தேய்த்தால் அதற்கு மெருகுதான் ஏறும், ஊற வேண்டும். துப்பாக்கி சால்வென்ட் கிடைக்காவிட்டால் பெயின்ட் கடை டர்பன்டைன் போதும். மரப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்புப் பாகங்களை மட்டும் ராத்திரி முழுக்க மூடிய டப்பாவில் போட்டு வைத்தால் காலையில் பாதி தானாக உதிரும், மீதியை வெண்கல பிரஷால் எடுத்துவிடலாம். அதற்கும் அசையாத ஈயத்துக்குப் பாத்திரம் தேய்க்கிற செம்பு நார் நல்லது, இரும்பைவிடச் செம்பு மிருது என்பதால் கீறாது. ஆனால் கடைக்குக் காந்தத்தோடு போங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, வாங்க வேண்டாம்.

மெஷின் வேண்டுமென்றே இருந்தால், கண்ணாடிக் கடை குட்டி மெஷின் பத்தாது. ஹீட்டர் உள்ள 2 அல்லது 3 லிட்டர், 40 கிலோஹெர்ட்ஸ் மெஷினாகப் பாருங்கள். அதில் தண்ணீரும் மிதமான சோப்பும்தான், டர்பன்டைனை ஊற்றினால் தீப்பிடிக்கும். அலுமினியப் பாகம் இருந்தால் காரமான சலவைச் சோடாவும் கூடாது, வெளுத்துப் போகும். எண்ணெய்ப் பசை மொத்தமும் போய்விடுவதால் எடுத்த கையோடு துடைத்து எண்ணெய் விடாவிட்டால் துரு ஏறும். தையல் மெஷின் எண்ணெய் உங்கள் ஊரில் எந்தக் கடையில் இல்லை? தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

என்னைக் கேட்டால் ஒரு துப்பாக்கிக்கு மெஷின் வேண்டாம், நாலைந்து பேர் சேர்ந்து சுடுகிற இடம் என்றால் சரி. அப்புறம், கரி போகவில்லை என்று லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி பாகமும் ஆயுதம்தான், பழுதுபார்ப்பவரிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழுவிய தண்ணீரில் ஈயம் இருக்கும், சாக்கடையில் ஊற்றினால் நொய்யலுக்குத்தான் போகும், சாயத்தண்ணீர் பட்டதே அதற்குப் போதும். கேனில் பிடித்துத் தனியாக வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய அதே மாதிரி மெஷினில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, விற்றவர் பதிலே தருவதில்லை. (வாசகர், பெருந்துறை)

பதில்: அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஆன்லைன் விற்பனைக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிப்படி 48 மணி நேரத்தில் புகார் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மெஷின் ஓடுகிற வீடியோவும் பில்லும் பத்திரம், டப்பாவைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.